ஊதா – சாம்பல்

ஸ்காபரோவில் டோர்செட் பார்க் என்று சொன்னால் எங்களுடைய ஆட்களில் பாதிப்பேருக்கு விளங்காது. கென்னடி – எல்ஸ்மியர் என்றால் உடனே விளங்கும். வடக்கே 401 நெடுஞ்சாலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கட்டிய ஒற்றைமாடி வீடுகள், அவற்றுக்குப் பின்னால் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எழும்பிய மாடிக் கட்டடங்கள், மிட்லண்ட் பக்கமாகத் தொழிற்கூடங்கள். 43ஆம் இலக்க பஸ்ஸில் கென்னடி வீதியால் போகிறவர்கள் அந்தக் கட்டடங்களின் பல்கணிகளைப் பார்த்திருப்பார்கள். உலரப்போட்ட உடுப்பு, சட்டியில் கறிவேப்பிலைக் கன்று, குளிருக்குப் போர்த்திக் கட்டிய சைக்கிள். எனக்குப் பழக்கமானவை அவற்றின் நிலக்கீழ் அறைகள்.

1998ஆம் ஆண்டிலிருந்து கேபிள் வேலை செய்கிறேன். கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் 'ரெலிகொம்' என்பேன். பெரிய உத்தியோகம்போலக் கேட்கும். உண்மையில் என்னுடைய வேலைநாளின் பெரும்பகுதி ஜன்னல் இல்லாத ஓர் அறையில், முழங்காலில் நின்றபடி, ஒரு வயரின் இந்த முனை எது, மற்ற முனை எங்கே என்று தேடுவதில்தான் கழிகிறது.

எனக்குத் தொழில் பழக்கியவரை நாங்கள் எல்லோரும் 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவோம். கொழும்பில் தபால் தந்தித் திணைக்களத்தில் வேலை செய்தவர். 1983 ஜூலைக்குப் பிறகு அங்கே திரும்பிப் போகவில்லை. கனடாவுக்கு வந்தும் அதே தொழில். முதல் நாள் என்னிடம் அவர் ஆயுதம் எதையும் தரவில்லை. நிறங்களைப் பாடமாக்கச் சொன்னார்.

ரெலிபோன் கேபிளில் வயர்கள் சோடி சோடியாகப் பின்னியிருக்கும். இருபத்தைந்து சோடி ஒரு கட்டு. தலைநிறம் ஐந்து: வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா. துணைநிறம் ஐந்து: நீலம், செம்மஞ்சள், பச்சை, மண்ணிறம், சாம்பல். வெள்ளை – நீலம் முதலாவது சோடி. வெள்ளை – செம்மஞ்சள் இரண்டாவது. இப்படியே ஐந்து ஐந்தாகப் போய், ஊதா – சாம்பலில் முடியும். அது இருபத்தைந்தாவது. வட அமெரிக்காவில் எந்தக் கட்டடத்தின் அடியில் போய்ப் பார்த்தாலும் இந்த வரிசைதான். ஆறாம் வாய்ப்பாடு பாடமாக்கியதுபோல எல்ஸ்மியர் ஸ்ரேசனில் நின்று இதைப் பாடமாக்கினேன்.

அண்ணை சொல்லித்தந்த இன்னொன்று: "வெட்ட முன்னம் கேட்டுப்பார்." கட்டட முதலாளியிடமோ மேலதிகாரியிடமோ கேட்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் இடுப்பில் ஒரு சோதனை ரெலிபோன் தொங்கும். அதன் இரண்டு கவ்விகளையும் ஒரு சோடியில் மாட்டினால் அந்த இணைப்பில் உயிர் இருக்கிறதா என்று கேட்கும். 'ம்ம்ம்' என்று ஒரு சீரான ஒலி வந்தால் அது யாரோ ஒருவருடைய ரெலிபோன். தொடக்கூடாது. வராவிட்டால் மட்டுமே கத்தரியை எடுக்கலாம். "கண்ணை நம்பாதை. தூசு படிஞ்ச வயரிலயும் ஆரும் கதைச்சுக்கொண்டிருப்பினம்" என்பார்.

2014 ஒக்டோபரில் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியோரம் இருந்த பதினான்கு மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு வேலை கிடைத்தது. தெருவிலிருந்து கண்ணாடியிழை வருகிறது. நிலக்கீழ் அறையில் ராக் ஒன்று நிறுத்தி, அதில் ஷெல்ஃப் பூட்டி, அங்கிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் புதிய கேபிள் இழுக்க வேண்டும். எனக்கு உதவியாக இங்கேயே பிறந்த ஒரு பெடியன்.

ஷெல்ஃப் என்பது புத்தகத் தட்டைப் போன்றதுதான். பத்தொன்பது அங்குல அகல ராக்கில் திருகிப் பூட்டுகிற ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் புத்தகங்களை நிறுத்துவதுபோலக் கார்ட்களைத் தள்ளி நிறுத்துவோம். ஒவ்வொரு கார்ட்டின் முகத்திலும் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் ஒரு கேபிள். பார்க்கிறவர்கள் கேபிளைக் கொண்டுபோய்க் குத்துவதுதானே வேலை என்று நினைப்பார்கள். குத்துவது கடைசி வேலை. முதலில் எர்த் வயர். அதைப் பூட்டாமல் எதையும் தொடக்கூடாது. பிறகு மின்சாரம். அதற்குப் பிறகு மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டி, அதன் மறுமுனையை ராக்கில் கொழுவிக்கொண்டுதான் கார்ட்டைக் கையில் எடுக்க வேண்டும். ரொறொன்ரோக் குளிர்காலத்தில் கம்பளத்தில் நடந்துபோய்க் கதவைத் தொட்டால் சுரீர் என்று அடிக்கிறதல்லவா? அதைவிடக் குறைந்த, எங்களுக்குத் தெரியவே தெரியாத ஓர் அடியே ஒரு கார்ட்டைப் பழுதாக்கப் போதும்.

கேபிளின் முனையில் எட்டு வயர். வெள்ளை – பச்சை, பச்சை, வெள்ளை – செம்மஞ்சள், நீலம், வெள்ளை – நீலம், செம்மஞ்சள், வெள்ளை – மண்ணிறம், மண்ணிறம். இரண்டு முனையிலும் இதே ஒழுங்கு. பின்னலை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக்கூடாது. பிரித்தால் ஒரு சோடியின் பேச்சு அடுத்த சோடிக்குள் கசியும். கேபிளை முறித்து மடிக்கக்கூடாது. பிளாஸ்ரிக் பட்டியால் இறுக்கிக் கட்டக்கூடாது, ஒட்டுத்துணிப் பட்டியால் தளர்வாகக் கட்ட வேண்டும். ஷெல்ஃபிலிருந்து வீட்டுச் சுவர் வரைக்கும், இரண்டு முனையிலும் உள்ள சின்ன வயர்களையும் சேர்த்து, நூறு மீற்றரைத் தாண்டக்கூடாது. முக்கியமானது: ஒரு கார்ட்டின் கேபிள் இன்னொரு கார்ட்டின் முகத்தைக் கடந்து போகக்கூடாது. நாளைக்கு அந்தக் கார்ட் பழுதானால் அதை வெளியே இழுப்பதற்கு, பழுதில்லாத வீடுகளின் கேபிள்களையும் கழற்ற வேண்டி வரும். ஆகவே இடப்பக்கத்துக் கேபிள்கள் இடப்பக்கத்தாலும் வலப்பக்கத்துக் கேபிள்கள் வலப்பக்கத்தாலும் இறங்கிப் போகும். ஒவ்வொன்றின் இரண்டு முனைகளிலும் பெயர்ச்சீட்டு.

இந்த ஒழுங்கெல்லாம் இன்றைக்கு இணைப்பு வேலை செய்வதற்காக மட்டும் இல்லை. கேபிளைத் தாறுமாறாகக் குத்தினாலும் பச்சை விளக்கு எரியும், இன்ரர்நெற் ஓடும். அடுத்ததாக அந்தக் கதவைத் திறக்கப்போகிறவனுக்காகத்தான் இவ்வளவும். அவனை எங்களுக்குத் தெரியாது. அவன் வரும்போது நாங்கள் பக்கத்தில் நின்று விளங்கப்படுத்தவும் முடியாது.

அந்த அறையில் என்னுடைய ஷெல்ஃப் ஒரு சுவரில். எதிர்ச்சுவரில் கட்டடத்தின் பழைய செப்புப் பலகை. சாம்பல் பூச்சடித்த பலகையில் வரிசை வரிசையாக வெள்ளைப் பிளாஸ்ரிக் கீற்றுகள். 'பிக்ஸ்' என்போம். 1970களில் கனடாவின் நோர்தேண் ரெலிகொம் நிறுவனம் உருவாக்கியது. பின்னாளில் நோர்ட்டெல் என்று உலகம் முழுக்கப் பெயரெடுத்து, 2009 ஜனவரியில் கடன் தாங்காமல் நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்ட அதே நிறுவனம். நிறுவனம் போய்விட்டது. கீற்றுகள் இன்னும் சுவர்களில் இருக்கின்றன. ஒவ்வொரு கீற்றிலும் இருபத்தைந்து சோடிக்கு இடம்.

வெள்ளிக்கிழமை, ஒக்டோபர் 10. அடுத்த திங்கள் நன்றி நவிலல் நாள். நீண்ட வார விடுமுறை. மூன்று மணிக்குள் முடித்தால் நெரிசலுக்கு முதல் வீட்டுக்குப் போகலாம். மிச்சமாக இருந்தது பலகையில் செத்துப்போன ஜம்பர் வயர்களைக் கழற்றி, கண்ணாடியிழைத் தட்டுக்கு இடம் எடுப்பது. மேலிருந்து ஒவ்வொரு கீற்றாகக் கவ்வியை மாட்டிக் கேட்டுக்கொண்டு வந்தேன். ஒலி வந்தால் பெடியன் குறித்துக்கொண்டான். வராவிட்டால் வெட்டினேன்.

கடைசிக் கீற்றில் இருபத்துநான்கு சோடியையும் கேட்டேன். இருபத்தைந்தாவதைக் கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை என்று பிறகு பலதடவை யோசித்திருக்கிறேன். அவசரம் ஒரு காரணம். இன்னொன்று பழக்கம். கம்ப்யூட்டர் கேபிளில் நான்கு சோடிதான். பிக்ஸ் கீற்று ஒன்றில் அப்படி ஆறு கேபிள் முடிக்கலாம். ஆறு நான்கு இருபத்துநான்கு. இருபத்தைந்தாவது இடம் சும்மா கிடக்கும். பத்து வருடமாக அலுவலகக் கட்டடங்களில் அந்தக் கடைசி இடத்தை வெறுமையாகவே பார்த்துப் பழகிய கண். இது ரெலிபோன் கீற்று, இதில் இருபத்தைந்தும் பாவனைக்குரியவை என்பது எனக்குத் தெரியும். தெரிந்த விசயம் கைக்கு வந்து சேரவில்லை. அந்த இடத்தில் ஒரு ஜம்பர் இருந்தது. மங்கிப்போய், தூசு படிந்து, யாரோ எப்போதோ விட்டுப்போனதுபோல. வெட்டினேன். ஊதா – சாம்பல்.

செவ்வாய்க்கிழமை காலை கட்டடத்தைப் பராமரிக்கிறவரிடமிருந்து அழைப்பு. ஒன்பதாம் மாடியில் ஒரு வயதான பெண். அவருக்கு ஆங்கிலம் குறைவு. வெள்ளி பின்னேரத்திலிருந்து நாளுக்கு மூன்று தரம் கீழே இறங்கி வந்து ரெலிபோன் வாங்கியைக் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொல்கிறார். அந்த அறைக்குள் கடைசியாக நின்றவர்கள் நீங்கள்தான் என்றார். கதவைத் திறக்க முதலே எனக்குத் தெரிந்துவிட்டது. புது ஜம்பர் போட்டுக் கவ்வியை மாட்டினேன். 'ம்ம்ம்' என்றது. இரண்டு நிமிட வேலை.

அதோடு போயிருக்கலாம். மேலே போய் வாங்கியை எடுத்துப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று சொல்லக்கூடாது என்பதும் அண்ணையின் சட்டம். ஒன்பதாம் மாடிக்குப் போனேன்.

எழுபது வயதளவில் ஓர் அம்மா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும், "தம்பி தமிழே?" என்றார். ஓம் என்றேன். "வெள்ளிக்கிழமை மத்தியானம் இருந்தது தம்பி. பின்னேரம் எடுத்துப் பாக்கிறன், சத்தம் இல்லை." காலையில் எழும்பியதும் ஒருதரம், படுக்கப் போகமுதல் ஒருதரம், இடையில் மனம் கேட்காவிட்டால் இன்னொருதரம் வாங்கியை எடுத்து ஒலி வருகிறதா என்று பார்ப்பாராம். கவ்வி இல்லாமலே அண்ணையின் சட்டத்தைக் கடைப்பிடித்த ஒரு மனுசி.

ரெலிபோன் சுவரோரச் சின்ன மேசையில் இருந்தது. பின்னலாய்ச் சுருண்ட வயர் கொண்ட பழைய வகை. அதற்கு மேலே ஓர் இளைஞனின் படம். மாலை இல்லை, பொட்டு இல்லை. நான் படத்தைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"மகன். எட்டாம் ஆண்டு கடைசியாக் கதைச்சவன். வன்னியிலயிருந்து. அவனுக்குப் பாடமான நம்பர் இது ஒண்டுதான்."

2008க்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை. 2009 மே மாதத்தில் இந்த நகரத்தில் இருந்த எவரும் அதைக் கேட்க மாட்டார்கள். மே 10 அன்று கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்தவர்களில் அவருடைய மகளும் இருந்தாளாம். பிறகு அவர்கள் கிளமோர்கன் பக்கத்திலிருந்து இந்தக் கட்டடத்துக்கு மாறியபோது, மகள் ரெலிபோனை வெட்டிவிடுவோம், எல்லோரிடமும் செல்போன் இருக்கிறது என்றிருக்கிறாள். அம்மா விடவில்லை. வீடு மாறினாலும் இலக்கம் மாறக்கூடாது. ஐந்து வருடமாக அந்த இலக்கத்துக்கு விளம்பரக்காரரைத் தவிர வேறு எவரும் எடுத்ததில்லை.

வாங்கியை எடுத்து என் காதில் வைத்தேன். பிறகு அவருடைய காதில் வைத்தேன். தலையாட்டினார். என்னால்தான் நடந்தது, தவறுதலாக வெட்டிவிட்டேன் என்று சொன்னேன். அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டார். பிறகு, அடுப்படிக்குப் போகிற வழியில் நின்று, திரும்பாமலே கேட்டார்:

"தம்பி, இந்த நாலு நாளும் அவன் எடுத்திருந்தா, அவனுக்கு என்ன கேட்டிருக்கும்?"

இதற்கு விடை எனக்குத் திருத்தமாகத் தெரியும். என் தொழில் அது. செப்பு இணைப்பில் நாங்கள் ஒருவருக்கு எடுக்கும்போது எங்கள் காதில் கேட்கிற மணியோசை அவர் வீட்டில் அடிக்கிற மணி இல்லை. அது ரெலிபோன் நிலையம் எங்களுக்காகத் தனியாக உண்டாக்கித் தருகிற ஒலி. இரண்டு செக்கன் ஒலி, நான்கு செக்கன் அமைதி. அதே நேரத்தில் நிலையம் வீட்டுப் பக்கமாகத் தொண்ணூறு வோல்ட் மின்சாரத்தை அனுப்பும். அதுதான் வீட்டு மணியை அடிக்க வைக்கும். இடையில் வயர் வெட்டப்பட்டிருந்தால் நிலையத்துக்கு அது தெரியாது. வாங்கியை வைத்தபடி இருக்கிற வீடும் வயர் அறுந்த வீடும் அதற்கு ஒன்றுபோலத்தான். ஆகவே எடுத்தவனுக்கு மணி போய்க்கொண்டே இருக்கும். வீட்டில் மௌனம். அவன் நினைப்பான்: ஆட்கள் இல்லை. அல்லது, எடுக்கிறார்கள் இல்லை.

நான் சொன்னேன்: "லைன் பிழை எண்டு ஒரு குரல் சொல்லியிருக்கும் அம்மா. அவர் திருப்பி எடுப்பார்."

"அப்பிடியே" என்றார். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன்.

வானுக்குள் ஏறி இருந்தும் திறப்பைத் திருப்ப மனம் வரவில்லை. ஏன் பொய் சொன்னேன் என்று தெரியும். அந்த முடிவில்லாத மணியோசையை நானும் ஒருகாலம் கேட்டிருக்கிறேன்.

1990இல் சண்டை மறுபடி தொடங்கியபோது யாழ்ப்பாணத்தின் மின்சாரமும் ரெலிபோனும் போயின. நான் இங்கே வந்த பிறகு அம்மாவோடு கடிதம் மட்டும்தான். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில் அதுவும் நின்றது. 1997இல் அம்மா வவுனியாவுக்கு வந்து சேர்ந்து, அங்கே ஒரு கொம்யூனிக்கேசன் கடையின் இலக்கத்தை எழுதியிருந்தார். இன்ன ஞாயிற்றுக்கிழமை இன்ன நேரம் எடு, வந்து நிற்பேன் என்று. பத்து டொலர் ரெலிபோன் காட் வாங்கி, அதன் பின்பக்கத்தைச் சதத்தால் சுரண்டி, இலக்கங்களை அழுத்தினேன். மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். மூன்றாவது ஞாயிறும் அப்படித்தான். பாஸ் கிடைக்காமல் அம்மா வரமுடியாமல் போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு வேறு மாதிரியும் நினைத்தேன். அனுப்பிய காசு போதாது என்று கோபமோ என்றுகூட. இரண்டு மாதம் கழித்து வந்த கடிதத்தில் அம்மா எழுதியிருந்தார்: மூன்று ஞாயிறும் காலையிலிருந்து கடை பூட்டும் வரைக்கும் அந்த ரெலிபோனுக்குப் பக்கத்து வாங்கில் இருந்தேன், நீ எடுக்கவில்லை, வேலை கூடவாக்கும்.

மணி என் காதில் மட்டும்தான் அடித்தது. ஏன் என்று விளங்கியது அடுத்த வருடம் அண்ணையிடம் தொழில் பழகியபோதுதான். வழியில் எங்கேயோ ஒரு சோடி அறுந்திருக்கிறது. அவ்வளவுதான். இரண்டு பக்கத்திலும் இரண்டு பேர் ஒருவரையொருவர் குறைநினைப்பதற்கு அது போதும்.

அதன்பிறகு அந்தக் கட்டடத்துக்கு அடிக்கடி போகவேண்டி வந்தது. கார்ட் மாற்ற, புதுக் கேபிள் போட. போகும்போதெல்லாம் முதலில் எதிர்ச்சுவருக்குப் போய் இருபத்தைந்தாவது சோடியில் கவ்வியை மாட்டிக் கேட்பேன். மேலே போகமாட்டேன்.

2017 மார்ச்சில் ஒரு வேலைச்சீட்டு வந்தது. ஒன்பதாம் மாடி, அதே வீடு. செப்பு இணைப்பை நிற்பாட்டிவிட்டு, அதே இலக்கத்தைப் புதிய கேபிளுக்கு மாற்ற வேண்டும். மகள் விண்ணப்பித்திருந்தாள். போனபோது அம்மா தொலைக்காட்சியில் கிளிநொச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெப்ரவரி 20 அன்று காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் தெருவோரம் படங்களோடு இருக்கத் தொடங்கியிருந்தார்கள். தனக்குத் தெரிந்த முகம் ஏதும் வருகிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார்.

"நம்பர் மாறாதெல்லோ?"

"மாறாது அம்மா."

"கரண்ட் போனா?"

நல்ல கேள்வி. 2003 ஓகஸ்ட் 14 பின்னேரம் ஒன்ராறியோவின் பெரும்பகுதி இருண்டபோது, வயர் போட்ட பழைய ரெலிபோன்கள் பல வேலை செய்தன. அவற்றுக்கான மின்சாரம் வீட்டுச் சுவரிலிருந்து வருவதில்லை. ரெலிபோன் நிலையத்து பற்றரிகளிலிருந்து அதே செப்புச் சோடி வழியாகவே வரும். நாற்பத்தெட்டு வோல்ட். புதிய முறையில் அது இல்லை. வீட்டில் இருக்கிற சின்னப் பெட்டிக்கும் கீழே இருக்கிற ஷெல்ஃபுக்கும் மின்சாரம் வேண்டும். கீழே பற்றரி இருக்கிறது. வீட்டுக்கும் ஒன்று வேண்டும் என்று சொல்லி, மிட்லண்ட் பக்கத்துக் கடையொன்றில் நானே வாங்கிவந்து மாட்டினேன்.

பிறகு தகவல் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் எடுக்காவிட்டாலும், பெட்டி பழுதானாலும், கேபிளை யாரும் கழற்றினாலும், எடுத்தவருக்கு வெறும் மணி போய்க்கொண்டிராது, உங்களுடைய குரல் கேட்கும் என்று. பழைய இணைப்பிலும் மேலதிகமாகக் காசு கட்டினால் அது கிடைத்திருக்கும். யாரும் அவருக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதைச் சொன்னபோதுதான் மற்றதையும் சொல்லவேண்டி வந்தது. "அம்மா, அண்டைக்கு நீங்கள் கேட்டதுக்கு நான் பொய் சொன்னனான். லைன் பிழை எண்டு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம். மணிதான் போயிருக்கும்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"எனக்குத் தெரியும் தம்பி. அந்தச் சனிக்கிழமையே மகளின்ர போனிலயிருந்து எங்கட நம்பருக்கு அடிச்சுப் பாத்தனான். இந்தக் காதில மணி போகுது. மேசையில சத்தமில்லை."

"தெரிஞ்சுகொண்டு ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீங்கள் என்ன சொல்லப்போறியள் எண்டு பாத்தன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "உண்மையைச் சொல்லியிருந்தா அண்டைக்கு என்னால தாங்கியிருக்க ஏலாது. அதுக்காக நீங்கள் சொன்னதை நம்பினதும் இல்லை."

என்ன மறுமொழி சொல்வதென்று தெரியாமல் பெட்டியின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பதிவு செய்தோம். மூன்று தரம் பதிவு செய்தார். முதல் இரண்டிலும் குரல் உடைந்தது. மூன்றாவதில் சாதாரணமாகச் சொன்னார், கடைக்குப் போனவனுக்குச் சொல்வதுபோல: அம்மா இங்கேதான் இருக்கிறன், நம்பரைச் சொல்லிவிட்டு வை, நான் எடுக்கிறன்.

கீழே வந்து ஷெல்ஃபில் ஓர் இடத்தைத் தெரிந்தேன். அவருடைய கேபிளைக் குத்தி, இடப்பக்கத்தால் இறக்கி, கொஞ்சம் தளர்வு விட்டுக் கட்டி, இரண்டு முனையிலும் சீட்டு ஒட்டினேன். மாடி, கதவிலக்கம், துளையின் இலக்கம். எல்லாச் சீட்டிலும் இருப்பதுதான். அதற்குக் கீழே பேனையால் தமிழில் எழுதினேன்: வெட்ட முன்னம் கேட்டுப்பார். பிறகு எதிர்ச்சுவருக்குப் போய் ஊதா – சாம்பலில் கவ்வியை மாட்டினேன். இலக்கம் மாறிவிட்டது. ஒலி இல்லை. இன்னொருதரம் மாட்டிக் கேட்டேன். அதன்பிறகு வெட்டினேன்.

அண்ணை இப்போது இல்லை. 2023 ஜூலை 24 அன்று எல்ஸ்மியர் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஆர்.ரி. ரயிலின் கடைசிப் பெட்டி தடம்புரண்டு, 1985இலிருந்து ஓடிய அந்தப் பாதை பிறகு திறக்கவே இல்லை. அந்த வருட முடிவில் நிலக்கீழ் அறையின் செப்புப் பலகையையும் கழற்றினோம். கூட வந்த பெடியன் ஷெல்ஃபைப் பார்த்துக் கேட்டான்: "அண்ணா, இந்த லேபிள்ல தமிழ்ல என்ன கிடக்கு? எனக்கு வாசிக்கத் தெரியாது."

வாசித்துக் காட்டினேன். யாருடையது என்றான். அதையும் சொன்னேன். இனி அந்தக் கதவை நான் இல்லாமல் அவன்தான் திறக்கப்போகிறான்.

மாதத்தில் ஒருதரம் அந்த இலக்கத்துக்கு எடுப்பேன். இரண்டாவது மணியிலேயே அவர் எடுத்துவிடுவார்.

"நான்தான் அம்மா. லைன் சரியோ எண்டு பாத்தனான்."

"சரியாக் கிடக்கு தம்பி. வையுங்கோ வையுங்கோ, லைனை மறிக்காதேங்கோ."